கேட்டில் நின்றுபோன கார்

1

இந்தக் கதை, சாப்பாட்டின் நடுவே உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து வந்தது: "வெயில்ல ரயில்வே கேட் மூடியிருந்தா இன்ஜினை அணைக்கவே கூடாது. அணைச்சா பழைய வண்டி கிளம்பாது." நான் படித்தது இயற்பியல். கார் நிற்பதற்கான காரணமே அந்த யோசனைக்குள் இருந்தது. கை கழுவிவிட்டு ஓடிவந்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: தண்டவாளத்தின் நடுவே கார் நின்றது. தூரத்தில் ரயில்

(வேண்டாம். மலிவான பயம்.)

இரண்டாவது: 1988, மே மாதம், குரோம்பேட்டை ரயில்வே கேட். அஸ்தினாபுரத்திலிருந்து வந்த பழைய சின்ன கார், வரிசையில் முதலாவது. ஓட்டுபவர் லாசரஸ். பக்கத்தில் மகள் ரத்தினபாய், பி.எஸ்சி. இயற்பியல், புது லைசென்ஸ்காரி. அனகாபுத்தூரில் ஜெயவேலு என்பவர் காரை வாங்கக் காத்திருக்கிறார். வழியில் மக்கர் பண்ணினால் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டார்.

ரத்தினபாய்க்குக் காரை விற்க மனமில்லை. அதை அப்பாவிடம் சொல்லவுமில்லை. (சொல்ல வைத்து எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை.)

3

இரண்டு ரயில்கள் போயின. லாசரஸ் இன்ஜினை அணைக்கவில்லை. காற்றில்லாத பானெட்டுக்குள் பெட்ரோல் பம்ப் கொதித்தது, பெட்ரோல் ஆவியானது. ஆவியை இழுக்க அந்தப் பம்புக்குத் தெரியாது. கேட் திறந்ததும் இன்ஜின் இருமி அடங்கியது.

பின்னால் அத்தனை ஹாரன்களும் அலறின. ஆட்டோக்காரர் பாட்சா இறங்கி வந்தார்.

"இன்னா சார், பெட்ரோல் கீதா, வாசனை மட்டும்தான் கீதா?"

(சரியான விடையைத் தெரியாமலே சொல்லிவிட்டார். நான் திட்டமிடவில்லை.)

லாசரஸ் விடாமல் செல்ஃப் அடித்தார். பேட்டரி முனகியது. பிளக் போயிருக்கும் என்றார் ஒருவர். கார்புரேட்டரில் தூசி என்றார் இன்னொருவர்.

4

இங்கேதான் என் பேனா துள்ளியது. ரத்தினபாய்க்குக் காரணம் தெரியும். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கார் வீட்டோடு இருக்கும். பேசாமலிருப்பதுதான் அவளுக்கு எப்போதும் வருமே. அவளை அப்படியே உட்கார வைக்க நினைத்தேன். ஆனால் பாட்சா ஸ்பேனரோடு கார்புரேட்டரைக் கழற்றக் குனிந்தார். அவள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். என்னைக் கேட்கவேயில்லை.

"அண்ணா, அதைத் தொடாதீங்க."

அப்பா கழுத்திலிருந்த துண்டை உருவினாள். மோர் விற்கிற அம்மாவிடம் தண்ணீர் கேட்டு நனைத்து, பம்பைச் சுற்றிப் போட்டாள்.

"கொஞ்ச நேரம் செல்ஃப் அடிக்காதீங்கப்பா. ஆறட்டும்."

"என்னாச்சு?"

"சூடு. கேட்ல நின்னதுமே அணைச்சிருந்தா இது வந்திருக்காதுப்பா."

கூட்டம் லாசரஸைப் பார்த்தது. அவருக்குக் கோபம் வந்தது என்று எழுதி அடித்தேன். அவர் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"நீயே எடு."

5

இரண்டாவது முறையில் கிளம்பிவிட்டது. பாட்சா ஓடிப்போய், பின்னாலிருந்து முந்தப் பார்த்த பஸ்ஸை நிறுத்தி வழி பண்ணிக் கொடுத்தார்.

முடிவு அ: ஜெயவேலு ஓட்டிப் பார்க்கிறார். கார் பட்டுப்போல ஓடுகிறது. வாங்கிவிடுகிறார். (நியாயம்தான். என்னால் எழுத முடியவில்லை.)

முடிவு ஆ: அப்பா மனம் மாறி, விற்க வேண்டாம் என்கிறார். (இனிப்பு அதிகம்.)

முடிவு இ: அவளே

கேட் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டின் முனையில் இருக்கிறாள். வலது பக்கம் பல்லாவரம், பிறகு அனகாபுத்தூர். இடது பக்கம் தாம்பரம். அப்படியே சேலையூர் சுற்றினால் வீடு. லாசரஸ் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்க்கிறார்.

நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். அவளுக்குப் பின்னால் நிற்பது உங்கள் வண்டி. தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள். எந்தப் பக்க இண்டிகேட்டர் மின்னுகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.