ரெண்டு தட்டு

கோலார் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஆண்டர்சன்பேட்டையில் சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் காலை நேர யோகா வகுப்பு. வருகிற பெண்கள் எல்லாரும் சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பத்தவர்கள் என்பதால், சொல்லிக்கொடுக்கும் ஜெனிட்டா சைகையையும் சுரங்கத்திலிருந்தே எடுத்துக்கொண்டாள். கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும்போது, அவள் பின்னால் வந்து முதுகை அமுக்கிக்கொடுப்பாள். குனிந்திருப்பவர் தரையில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்தணும். ரெண்டு தட்டு என்றால் இன்னும் இறக்கலாம். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜுக்கு அடிக்கிற பெல் கணக்குதான். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நளினிக்குத் தெரியாதா என்ன! அவள் புருஷன் இன்பராஜ் கேஜுக்குப் பெல் அடித்தே காலம் தள்ளிய மனுஷன். சுரங்கத்தை மூடிய பிறகும், சாப்பிடும்போது தட்டோரத்தில் ஒரு தட்டு தட்டினால் சோறு போதும் என்று அர்த்தம். கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. மகன் பரத் பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும், "சாப்டியாம்மா" என்று கேட்கும், அடங்கிவிடும். வீட்டில் டிவி பேசும், குக்கர் கத்தும். நளினியைத் தொடத்தான் ஆள் கிடையாது.

முதல் நாள் ஜெனிட்டாவின் உள்ளங்கை முதுகில் பட்டதும் நளினிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முகம் கீழே குனிந்திருந்ததால் தப்பித்தாள். அந்தக் கை அவ்வளவு சூடாக இருந்தது. நிறுத்தச் சொன்னால் எடுத்துவிடுவாளே! நளினி ரெண்டு தட்டு தட்டினாள்.

தொடைக்குப் பின்னால் நரம்பு இழுத்தது. ரெண்டு தட்டு. இடுப்பில் சுரீரென்றது. அதற்கும் ரெண்டு தட்டு. "சூப்பர் ஆன்ட்டி!" என்றாள் ஜெனிட்டா. சூப்பராம்! வீட்டுக்குப் போனால் குனிந்து செருப்பைக் கழற்ற முடியவில்லை. ஆனாலும் மறுநாள் எல்லாருக்கும் முன்னால் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவாள்.

ஒருநாள் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. நாலு பேர் தூக்கித்தான் ஆட்டோவில் ஏற்றினார்கள். டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றார் கோலார் டாக்டர்.

மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து, டாக்டர் சரி என்ற பிறகு நளினி திரும்பி வந்தபோது வகுப்பே மாறியிருந்தது. ஜெனிட்டா அவளை மடித்த கம்பளிமேல் உட்கார வைத்தாள். முட்டியைக் கொஞ்சம் மடக்கச் சொன்னாள். பாதத்தைச் சுற்றித் துண்டைப் போட்டு இரண்டு முனையையும் கையில் கொடுத்தாள்.

"நெஞ்ச முன்னால கொண்டுபோங்க ஆன்ட்டி, முதுக வளைக்காதீங்க. வலிக்கிறதுக்கு முன்னாலயே நின்னுடணும். இனிமே நான் யாரையும் அமுக்கறதில்ல. கையே வைக்கமாட்டேன்."

நளினி கொஞ்சமாகத்தான் குனிந்தாள். துளி வலி இல்லை. முதுகில் கையும் இல்லை. எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது. அவளுக்குத்தான் கண்ணீர் துண்டில் சொட்டியது.

ஜெனிட்டா ஓடிவந்து எதிரே உட்கார்ந்தாள். "வலிக்குதா ஆன்ட்டி?"

"இல்லம்மா."

"அப்புறம் இன்னாத்துக்கு அழுவறீங்க?"

"அப்பல்லாம் வலிச்சுது."

"வலிச்சுதா? ரெண்டு தட்டு தட்டுனீங்களே!"

"ஒண்ணு தட்டுனா கைய எடுத்துடுவியே" என்றாள் நளினி. சொன்ன பிறகு வெட்கமாகப் போய்விட்டது.

ஜெனிட்டா எழுந்தாள். அவளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். முதுகில் கை வந்தது. அமுக்கவில்லை, சும்மா இருந்தது. பக்கத்துப் பாயில் அமலா துண்டை வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தாள்.

"எடுக்கட்டுமா ஆன்ட்டி?"

நளினி தரையைத் தட்டவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா" என்று வாய்விட்டே கேட்டாள்.