ஐந்தாம் கட்டம்

புவியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவருக்குக் கதைவகுப்பு வந்து சேர்ந்தது ஒரு தாமதத்தால். ஒருநாள் இருபது நிமிடம் பிந்தி வந்தவர், விளக்கம் கேட்ட தலைமையாசிரியருக்கு ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். அதில் பஸ், மழை, ஒரு நாய், அந்த நாயின் மனநிலை எல்லாம் இருந்தன. "கதை விடுவதில் கெட்டிக்காரர்தான்" என்றார் தலைமையாசிரியர். அடுத்த வாரமே ஆறாம், ஏழாம் வகுப்புகளின் கால அட்டவணையில் 'படைப்பாற்றல்' என்று ஒரு பாடவேளை முளைத்தது. பிள்ளைகள் அவரைக் கதை சார் ஆக்கிவிட்டார்கள்.

தலைமையாசிரியரைப் பொறுத்தவரை கதை என்பது ஆறு கட்டம். கதாபாத்திரம், இடம், சிக்கல், முயற்சி, தீர்வு, நீதி. அவரே வடிவமைத்த படிவம். அடியில் அவருடைய பெயரும் பட்டங்களும், தீர்வுக்கு ஒதுக்கிய இடத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே பரவியிருந்தன. "நானும் எழுதியிருக்க வேண்டியவன்தான், நேரம் இடங்கொடுக்கவில்லை" என்பார். நேரத்துக்கு நல்ல ரசனை என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வார்கள்.

இரண்டு வருஷம் கழித்துக் கதை சாருக்கு ஒரு வரைபட அலுவலகத்தில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு வந்து சேர வேண்டும். தவறினால் அடுத்த ஆள். நேர்காணலுக்குப் போனபோது அங்கே எல்லோரும் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் கையைத் தூக்கி, பாத்ரூம் போகலாமா என்று கேட்கவில்லை. அதுவே அவருக்கு சொர்க்கமாகத் தெரிந்தது.

சான்றிதழ்களோ 'பாதுகாப்புக்காக'ப் பள்ளியில் இருந்தன. தலைமையாசிரியர் அறையைக் கேடயங்கள் அடைத்துக்கொண்டதால், நூலக மூலையில் ஒரு இரும்பு பீரோவில். அதன் பழைய பூட்டு போன வருஷமே வாயைப் பிளந்துவிட்டது. வெளியே ஒரு கொண்டியைத் திருகாணி வைத்து முடுக்கி, கோட்டைக்குப் போடுகிற மாதிரி ஒரு பூட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். கதைவகுப்பு நடப்பதும் அதே நூலகத்தில்தான். வாரா வாரம் அந்தப் பூட்டுக்கு முன்னால் நின்றுதான் கதை சார் கற்பனையின் எல்லையற்ற சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார்.

வெள்ளிக்கிழமை காலை தலைமையாசிரியர் கூப்பிட்டார். மேசைமேல் 'சிறகு முளைத்த பேனாக்கள்' என்ற மாணவர் தொகுப்பின் முதல் பதினோரு பக்கங்கள் இருந்தன. பதினொன்றிலும் அவருடைய படம்.

"கதைகள் என்ன ஆயின?"

"முப்பத்தொன்பது முடிஞ்சுது சார். ஒண்ணு பாக்கி."

"நாற்பது என்று வெளியீட்டு விழா அழைப்பிதழில் அச்சாகிவிட்டது. நாற்பதாவதைக் கொண்டுவாருங்கள், பீரோ திறக்கும்" என்று சட்டைப்பையில் இருந்த சாவியைத் தட்டிக் காட்டினார்.

நாற்பதாவது கதை, ஏழாம் வகுப்பு வக்கீலிடம் மாட்டிக்கொண்டிருந்தது. எதற்கெடுத்தாலும் வாதாடுவாள் என்று பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் அது. அவள் கதையில் ஒருவர், கையில் ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு, மேசையை அளக்க ஓர் அறைக்குள் போகிறார். வெளியே யாரோ பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர் கத்துகிறார், ரேடியோ என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான்கு கட்டம் நிரம்பியிருந்தது. ஐந்தாவது காலி.

கடைசிப் பாடவேளையில் கதை சார் அவள் பெஞ்சுக்கே போய் உட்கார்ந்தார்.

"ஏம்மா, இது ஏன் காலியா இருக்கு?"

"அவர் இன்னும் வெளியில வரல சார்."

"வரவெச்சுடேன்."

"எப்படி? கனவுன்னு முடிக்கக் கூடாது, போலீஸ் வரக் கூடாது, திடீர்னு மாமா வரக் கூடாது. உங்க ஆளை லேசுல விட்டுடாதீங்கன்னு நீங்கதான சார் போர்டுல எழுதிப் போட்டீங்க. நோட்டுல இருக்கு, தேதியோட."

இருந்தது. முதல் பருவத்தில் இருபத்திரண்டு பேர் கனவிலிருந்து விழித்துக்கொண்ட எரிச்சலில் எழுதியது.

"வாட்ச்மேன் யாராவது அந்தப் பக்கம்…"

"முன்னாடி சொல்லாத ஆளு கடைசில வந்து காப்பாத்தக் கூடாது சார்." தன் ஸ்டீல் ஸ்கேலால் மேசையை ஒரு தட்டு தட்டினாள். தீர்ப்பு.

"எவ்ளோ நாளா உள்ள இருக்கார்?"

"போன மாசத்துலேர்ந்து."

பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "பாவம் வக்கீலு, விட்டுடு அந்தாளை" என்றான்.

"நீ பேசாத. உன் டைனோசர் மன்னிப்பு கேட்டுச்சே, அது நடக்கிற காரியமா?"

மணி அடித்தது. வகுப்பு காலியானது. வக்கீல் தாளை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். கதை சார் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் ஐந்தாம் கட்டத்தில் எழுதினார்: 'பலமாகக் காற்றடித்தது. கதவு திறந்துகொண்டது.' ஆறாம் கட்டத்துக்கு எதுவும் தோன்றவில்லை. 'நீதி: காற்றோட்டம் அவசியம்' என்று எழுதித் தாளை எடுத்துக்கொண்டு ஓடினார்.

தலைமையாசிரியர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"காற்றோட்டம்! இந்தச் சமுதாயத்துக்கே காற்றோட்டம் தேவை என்கிறாள் குழந்தை. முன்னுரையில் இதைப் பற்றியே நான்கு பக்கம் எழுதப்போகிறேன்."

"ரொம்ப சந்தோஷம் சார். பீரோ…"

"எப்படி ஐயா திறப்பேன்? இப்படி எழுதவைக்கிற ஆசிரியரை வெளியே அனுப்பினால் வரலாறு என்னை மன்னிக்குமா?"

"மன்னிச்சிடும் சார். வரலாறு மிஸ் நல்லவங்க."

தலைமையாசிரியருக்கு நகைச்சுவை காதில் விழுவதில்லை. "அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பும் உங்களுக்குத்தான். மற்றதைத் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மேல் பேசுவோம்" என்று குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். சாவியும் சட்டைப்பையில் ஏறி வீட்டுக்குப் போனது.

கதை சார் நூலகத்துக்குத் திரும்பியபோது வக்கீல் அங்கேயே இருந்தாள். அவளுக்கு இரண்டாம் நடை வேன்.

"சார், என் பேப்பரைக் காணோம். பரவால்ல, முடிவு கிடைச்சிடுச்சு."

"ம்."

"அவர் கையில ஸ்கேல் இருக்குல்ல, முதல் கட்டத்துலயே எழுதியிருக்கேன். அந்தக் கதவு உள்பக்கமாத் திறக்கிறது. அப்போ கீலெல்லாம் அவர் பக்கம்தான இருக்கும்? திருகாணியைக் கழட்டினா கதவே கையோட வந்துடும். எல்லாரும் பூட்டையே பாக்கறாங்க சார்."

கதை சார் அவளைப் பார்த்தார். பிறகு பீரோவைப் பார்த்தார். பூட்டு அப்படியேதான் இருந்தது. அதைத் தாங்கிய கொண்டியில் மூன்று திருகாணிகள், மூன்றும் வெளியே தெரிகிற மாதிரி. போன வருஷத்திலிருந்து அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கின்றன.

"அதுல என்ன சார் இருக்கு?"

"நான்தான்."

வக்கீல் அந்த வருஷத்தில் முதல்முறையாக எதுவும் வாதாடாமல் ஸ்கேலை நீட்டினாள்.

முதல் திருகாணி சொன்னபடி கேட்டது. இரண்டாவது கொஞ்சம் முனகிவிட்டு வந்தது. மூன்றாவது துருப்பிடித்துப்போய் அசைய மறுத்தது. ஸ்கேல் வழுக்கிக் கட்டைவிரலைக் கீறியது. வெளியே வேன் ஹாரன் அடித்தது.

"வர மாட்டேங்குதே."

"லேசுல வரக் கூடாதே சார்" என்று பையை மாட்டிக்கொண்டாள். "திங்கட்கிழமை ஸ்கேலைக் குடுத்துடுங்க, கணக்கு டெஸ்ட் இருக்கு."

வாசல்வரை போனவள் நின்றாள். திரும்பி அவரையும் பீரோவையும் பார்த்தாள்.

"வேணாம் சார். யார்கிட்டயாவது வாங்கிக்கறேன்" என்று ஓடிவிட்டாள்.

கதை சார் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஸ்கேலின் முனையை மறுபடி துருவுக்குள் அழுத்தினார்.