ஒரு துப்பாக்கி, இரண்டு குழல்

என் வீட்டுக்காரன் வெல்டனுக்கு இருப்பது ஒரே கண். சின்ன வயதில் வேலி கட்டும்போது முள்கம்பி அறுந்து வந்து இடது கண்ணில் அடித்துவிட்டது. மிச்சமிருக்கும் அந்த வலது கண்ணைத்தான் துப்பாக்கிக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கிறான். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், பழகிப்போச்சு என்றுதான் நினைத்திருந்தேன். குழல் மாற்றும் துப்பாக்கி வீட்டுக்குள் வந்தது, பழகினதெல்லாம் போயிற்று.

அதை வாங்குவதா வேண்டாமா என்று ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டோம். அவன் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சனிக்கிழமைப் போட்டிக்கு ஒல்லிக் குழல், மேய்ச்சல் நிலத்தை உழுதுபோடும் காட்டுப்பன்றிக்குத் தடிக் குழல். இரண்டுக்கும் தோள்கட்டை ஒன்று, விசை ஒன்று, குறிபார்க்கும் ஸ்கோப் ஒன்று. ஒற்றைக்கண்ணன் கன்னத்தை வைக்கிற இடம் மயிரிழை மாறினாலும் குறி போய்விடும். ஒரே கட்டையில் கன்னம் பழகினால் போதும் என்றான். வாங்கிய பிறகு அவன் குறி தேறியதும் உண்மைதான்.

"ஒரே பொண்டாட்டி போதும்னு இருக்கிறவனுக்கு ஒரே துப்பாக்கி போதாதா நெல்டா?" என்று கிண்டல் வேறு.

"பொண்டாட்டிக்கு மண்டைய கழட்டி வேற மாட்ட முடியாதுல்ல, முடிஞ்சிருந்தா அதையும் செஞ்சிருப்ப," என்றேன்.

நானும் துப்பாக்கி பிடித்து வளர்ந்தவள்தான். நான் சொன்ன குறைகளை அவன் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டான். குழலை மாற்றும்போதெல்லாம் குறியைத் திரும்பச் சரிபார்க்க வேண்டுமே? "ரெண்டு குண்டு வீணாகும், போகட்டும்." ஒரு திருகு சரியாக இறுகாவிட்டால்? "அளவு பாத்து முறுக்குற சாவி இருக்கு." கடைசியாக, நான் ராத்திரியில் நினைத்து நினைத்துப் புரண்ட குறையைச் சொன்னேன். இரண்டு தோட்டாவுக்கும் அடிப்பக்கம் ஒரே அளவு. தோட்டா அடுக்கிச் செருகும் மேகசின் ஒரே மாதிரி, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட் ஒன்று. கடைக்காரன் இதைத்தான் பெருமையாகச் சொல்லி விற்றான். ஆனால் தடித்த குண்டு வைத்த தோட்டா ஒல்லிக் குழலுக்குள் ஏறிவிட்டால் அது எந்த வழியாகப் போகும்? முன்னால் வழியில்லை. துப்பாக்கியே வெடித்து, சுடுகிறவன் முகத்துக்கு வரும்.

"அது உள்ளயே ஏறாது," என்றான்.

"அழுத்தித் தள்ளினா?"

"எவன் அழுத்தித் தள்ளுவான்? நாடா ஒட்டிடறேன், போதுமா தாயே?"

ஒட்டினான். ஒல்லிக் குழலுக்கும் அதன் தோட்டாப் பெட்டிக்கும் நீலம், தடிக் குழலுக்கும் அதன் பெட்டிக்கும் மஞ்சள். மேகசினுக்கு ஒட்டவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை அடுப்பில் மான்கறிச் சாசேஜை வாட்டப் போட்டுவிட்டு, பட்டறையில் இருக்கும் ஐஸ்பெட்டியில் பிஸ்கட் மாவு எடுக்கப் போனேன். வெல்டன் விடிந்ததுமே போட்டிக்குக் கிளம்பிப் போயிருந்தான். வேலை மேசைமேல் மஞ்சள் நாடா ஒட்டிய தடிக் குழல் கிடந்தது. சரி, ஒல்லியை மாட்டிக்கொண்டு போயிருக்கிறான். குழலுக்குப் பக்கத்தில் ஒரு மேகசின். எடுத்துப் பார்த்தேன். நிறைய இருந்தது. ஒல்லித் தோட்டா.

வியாழக்கிழமை பன்றிக்குப் போய்விட்டு வந்தவன், தடித் தோட்டா போட்ட மேகசினைச் சுவர் ஆணியில் மாட்டியிருந்தான். ஆணியைப் பார்த்தேன். வெறும் ஆணி.

ஒல்லிக் குழலோடு தடித் தோட்டாவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அடுப்பை அணைத்தேனா என்று இன்றுவரை தெரியாது. செருப்பில்லாமல் வண்டியில் ஏறினேன்.

போட்டித் திடல் கருங்கல் குன்றுகளுக்குப் பின்னால் இருக்கிறது. டெக்சாஸில் எங்கும் கிடைக்கும் சிக்னல் அங்கே மட்டும் கிடைக்காது. கிடைத்தாலும் போனையெல்லாம் வண்டியில் போட்டுவிட்டுத்தான் சுடப் போக வேண்டும், அது சங்க விதி. ஆனாலும் அழைத்துக்கொண்டே ஓட்டினேன். மணி அடிக்கவேயில்லை. சீமைக்கருவேலங் காட்டு வழியே குறுக்குப் பாதை, நடுவில் கோத்மன் வீட்டாரின் மாட்டு வேலிக்கதவு. எங்கள் பக்கத்தில் ஆளைச் சுட்டவனைக்கூட மன்னித்துவிடுவார்கள், திறந்த கதவை மூடாமல் போனவனை மன்னிக்க மாட்டார்கள். திறந்தேன், மூடாமல் போனேன். கண்ணாடியில் மாடுகள் கதவை நோக்கி வருவது தெரிந்தது. வரட்டும்.

கடவுளே, அவனுக்கு முறை வந்திருக்கக் கூடாது. வயிறு சரியில்லாமல் அவன் எங்காவது உட்கார்ந்திருக்கட்டும். டயர் பஞ்சராகி வழியில் நிற்கட்டும். எவளோடாவது சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

வண்டியை நிறுத்தும் முன்பே வெடிச்சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு துள்ளியது. எது அவனுடையது? சிவப்புக் கொடி ஏறியிருந்தது. கொடி ஏறினால் சுடுகிறார்கள் என்று அர்த்தம். வரிசையாகக் குப்புறப் படுத்திருந்தார்கள். ஓரத்திலிருந்து மூன்றாவது, வெல்டனின் பழைய சாம்பல் தொப்பி.

எங்கள் திடலில் ஒரு வழக்கம். ஆபத்து என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் "நிறுத்து!" என்று கத்தலாம். வேடிக்கை பார்க்க வந்தவன் கத்தினாலும் எல்லாரும் விசையிலிருந்து விரலை எடுத்தாக வேண்டும்.

"நிறுத்து!" என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். காற்று எதிர்ப்பக்கம் வீசியது. எல்லார் காதிலும் சத்தம் தடுக்கும் மூடி. திடல் பொறுப்பாளர் க்ளோவிஸ் முக்காலியில் நின்ற தொலைநோக்கிக்குள் முகத்தைப் புதைத்து எதிரிலிருந்த இரும்புத் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் திரும்பவில்லை.

ஓடினேன். ஓடும்போதே பார்த்தேன். வெல்டன் போல்ட்டை முன்னால் தள்ளினான், பாதியில் நின்றது. இழுத்துத் திரும்பத் தள்ளினான், நின்றது. தூசி அடைத்திருக்கிறது என்று நினைத்திருப்பான் பாவி. உள்ளங்கையின் அடியால் ஓங்கிக் குத்தினான். போல்ட் உள்ளே போய்விட்டது. தொப்பி மெதுவாகத் தாழ்ந்தது. கன்னம் கட்டையில் படிந்தது.

அவனிடம் போய்ச் சேர எனக்கு நேரமில்லை. வரிசையின் ஓரம்தான் பக்கத்தில் இருந்தது. அந்த ஓரத்தைச் சுற்றி, எல்லாத் துப்பாக்கிக்கும் முன்னால் ஓடிப்போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இங்கே இதைத்தான் முதலில் சொல்லித் தருவார்கள், துப்பாக்கிக்கு முன்னால் போகாதே என்று. அத்தனை குழல் வாயையும் அந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்ததில்லை. சின்னச் சின்னக் கறுப்பு ஓட்டைகள். கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் எதுவும் வரவில்லை.

"நிறுத்து! எல்லாரும் கைய எடு! போல்ட்ட தொறங்க!" க்ளோவிஸின் குரல் உடைந்துபோயிருந்தது. "அம்மணி! உங்களுக்குப் பைத்தியமா? செத்திருப்பீங்க அம்மணி!"

"அவன் போல்ட்ட பாருங்க," என்றேன்.

வெல்டன் முகம் சிவந்து எழுந்து முட்டிபோட்டான். "ஏண்டி, இத்தனை பேர் முன்னாடி மானத்த வாங்குற? எனக்கு முறை ஓடிட்டிருக்கு..."

"போல்ட்ட தொற, வெல்டன்."

முறைத்துக்கொண்டே திறந்தான். தோட்டா லேசில் வெளியே வரவில்லை. க்ளோவிஸ் பிடித்துக்கொள்ள, இரண்டு பேருமாக இழுத்தார்கள். வந்து மண்ணில் விழுந்தது. தடித் தோட்டா. அவன் குத்திய குத்தில் குண்டு பித்தளைக் கூட்டுக்குள் பாதிக்கு மேல் அமுங்கிப்போயிருந்தது.

க்ளோவிஸ் குனிந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்கள்.

"விதிப்படி இனிமே நீங்க இந்தத் திடலுக்குள்ள வரக்கூடாது அம்மணி," என்றார் க்ளோவிஸ். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

வெல்டன் துப்பாக்கியைத் தள்ளி வைத்துவிட்டு மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். பிறகு உள்ளங்கையால் அந்த வலது கண்ணை மூடிக்கொண்டான். வலிக்கிறதோ என்று பயந்து கிட்டப் போனேன்.

"நெல்டா."

"என்னய்யா? கண்ணுல எதுனா பட்டுச்சா?"

"இல்ல. நீ பேசு."

"என்ன பேசச் சொல்ற?"

"எதையாவது பேசிட்டே இரு. நீ எங்க இருக்கன்னு சத்தத்த வெச்சுக் கண்டுபிடிக்க முடியுதான்னு பாக்குறேன்."

எனக்குக் குரல் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவனிடம் பேச வார்த்தை இல்லாமல் நான் நின்றதேயில்லை. அவன் இன்னொரு கையை நீட்டினான். அது என்னைத் தாண்டி, நான் இல்லாத பக்கத்தில், வெறும் காற்றைத் துழாவியது. நகர்ந்துபோய் அந்தக் கை இருந்த இடத்தில் உட்கார்ந்தேன்.