அண்ணியென்று அழைத்த வாய்

பனிமுடி சூடிய மலைகள் இருமருங்கும் நெருங்கி நிற்க, அவற்றின் இடுக்கிலே நாரின் என்னும் ஆறு கல்லுருட்டி இரைந்தோட, அறுப்பு முடிந்த வயல்கள் மழித்த தலைகளாய்க் கிடக்க, மேய்ச்சல் மேட்டினின்று இறங்கும் மந்தைகள் கிளப்பிய புழுதி கதிரவனையே மங்கச்செய்த கூதிர்க்காலக் காலையொன்றில், படிப்போரே, எங்கள் ஊர் முறைமன்றத்தின் வாயிலில் ஒரு பெண் தன் வீட்டிற்காகக் காத்து நின்றாள்.

சூரகான் என்பது அவள் பெயர். சுரங்கத்தில் பாறை சரிந்து மாண்ட அவள் கணவன் தெமிர்குல் கல் சுமக்க, இவள் மண் குழைக்க, இருவர் கைத்தோலும் உரிய எழும்பிய வீடு அது. ஆயினும் மறையோதுவார் முன் நடந்த அவர்தம் மணம் அரசின் பதிவிலேறவில்லை. ஆகலின் சட்டத்தின் கண்ணுக்கு அவள் அவ்வீட்டில் அடுப்பெரித்த அயலாள். மகனில்லையோ என்பீர். உண்டு. தலைப்பிள்ளையைக் கணவனின் பெற்றோருக்குக் கொடுப்பது எங்கள் மலைகளின் வழக்கம். பால்மணம் மாறாச் செரலியை மாமியார் வாங்கி, தன் வயிற்றுப் பிள்ளையென்றே பதிவித்து, தன்னை அம்மாவென்றும் பெற்றவளை அண்ணியென்றும் அழைக்கப் பழக்கினாள். சாகும்போது, தன் ஆற்றங்கரை வீட்டையும் குதிரைகளையும் பெயர் சுட்டாமல் "என் கடைக்குட்டிக்கு" என்றே எழுதுவித்துச் செத்தாள்.

தெமிர்குல்லின் தம்பி எசென், அண்ணன் வீடு உடன்பிறந்தார்க்கே என்று வழக்கிட்டான். எத்தனையோ குடும்பங்களின் பானைசட்டிகளைப் பங்கிட்டு முடித்த வழக்கறிஞர் பெகிமாய், சூரகானுக்காக வாதாட வந்தாள்.

"அக்கா, செரலி உங்க மகன்னு நிலைநாட்டிட்டா அப்பன் வீடு அவனுக்கு. உங்களை யாரும் அசைக்க முடியாது. ரத்தம் எடுத்துச் சோதிச்சிடலாம்."

"பெத்த பிள்ளைகிட்ட ரத்தம் கேக்குறதா? சந்தையில ஆட்டுக்குப் பல்லு பாக்குற மாதிரியா? அவன் வாயாலயே சொல்லுவான், போம்மா."

எசென் மட்டும் கணக்கறிந்தவன். குதிரைக் கொட்டிலில் செரலியின் தோளில் கைபோட்டு, சிரித்தபடியே சொன்னானாம்:

"பாரு தம்பி, அவங்க உன் அம்மான்னா நான் கடைக்குட்டி, ஆத்தங்கரை வீடு எனக்கு. அண்ணின்னா நீ கடைக்குட்டி, அந்த மண் வீட்டை எனக்கு விட்டுக் குடுத்துடு. எப்படி விழுந்தாலும் எனக்கு ஒரு வீடு. யோசனையெல்லாம் உனக்குத்தான்."

மன்றத்தில் நடுவர் சூரகானைச் சுட்டி இவர் யாரென்று வினவ, செரலி கையிலிருந்த கம்பளித் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்க அண்ணிங்க. நல்லவங்க. சின்னதுல எனக்கு ரொட்டியெல்லாம் சுட்டுக் குடுத்திருக்காங்க."

கத்தி இறங்கிய பின்னும் சற்றே நின்று பார்க்கும் ஆடுபோல் நின்றாள் சூரகான். பெகிமாய் அவள் காதோரம் குனிந்தாள்.

"இப்பவாவது சரின்னு சொல்லுங்க அக்கா. ஒரு சொட்டு போதும்."

ஒரு சொட்டு தன் சுவரைக் காக்கும், மகன் கூரையைப் பிடுங்கும் என்பது அவளுக்கு விளங்கிற்று. பெரிய வீடு வாய்த்த பிள்ளை பெற்றவளுக்கு அடுப்போரம் ஓரிடம் தாரானோ என்ற நினைவும் உடன் எழுந்தது. நடுவரை நிமிர்ந்து நோக்கினாள்.

"சோதனை வேணாங்க. அவரு எங்க வீட்டுக்காரரோட தம்பிதான்."

அச்சொல்லின் மேல் தீர்ப்பெழுத நெடும்பொழுது ஆகவில்லை. எசென் திறவுகோலைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

படியிறங்கியவள் தலைத்துணியைத் திருத்திக்கொண்டு, வா என்னும் ஒரு சொல்லுக்காக மகன் முகம் பார்த்தாள். அவனோ, அண்ணன் மனைவிக்குரிய மதிப்பில் அணுவும் குறையாது, தெருவைப் பார்த்தபடி பேசினான்.

"அண்ணி, உங்க பொறந்த ஊருக்கு மதியம் வண்டி இருக்கு. சன்னலோரமா இடம் புடிச்சு வெச்சிருக்கேன்."

அவள் மறுக்கவில்லை. எவ்வுறவைச் சொல்லி மறுப்பாள்? பிள்ளை பொய்த்தபோது இழந்தது வீடொன்றே. தானும் பொய்த்தபோது, அவனை அழைத்துக் கேட்கும் உரிமையையும் அன்றோ இழந்தாள்! அறிவுடையீர், வன்கொடுமைக்கு மன்றத்தில் வழக்குண்டு. குனிந்த தலையோடும் இன்சொல்லோடும் இழைக்கும் கொடுமைக்கு எம்மன்றத்தும் வழக்கில்லை. வண்டி வளைவில் மறைய, மந்தைகளின் புழுதி தெருவின்மேல் மெல்ல அடங்கிற்று.