நாணலுக்குள் ஒரு தும்மல்

அண்ணி என் தையல் கடைப்படி ஏறியதே பெரிய அதிசயம். எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. ஏரியின் இந்தக் கரையில் பறவைகளைப் பதிவு செய்யும் குழு என்னுடையது, எதிர்க்கரைக் குழு அண்ணியுடையது. ஒரே குழுவாகத்தான் இருந்தோம். யார் தலைவி என்ற சண்டையில் இரண்டாக உடைந்தோம். கொஞ்சம் வாய் எனக்குத்தான் அதிகம், ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் நகராட்சியில் விசாரணை. இரண்டு கரைக்கும் நடுவிலுள்ள நாணல் காட்டை நிரவிப் பேருந்து நிலையம் கட்டப் போகிறார்கள். அங்கே கானாங்கோழி வாழ்கிறது என்று இரண்டு குழுவும் சேர்ந்து நிரூபித்தால் திட்டம் நிற்கும். அதற்காகத்தான் அண்ணி வந்திருந்தார். அது கூச்சப் பறவை, கண்ணில் படாது, குரல்தான் சாட்சி. விடியலில் அதன் குரலை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காத்திருப்போம். உள்ளே பறவை இருந்தால் பதில் சொல்லும், அதைப் பதிவு செய்வோம். இரண்டு பேருக்கும் வண்டி வண்டியாகப் பதில் கிடைத்திருந்தது.

"உன்னோடதை விட என்னோடது தெளிவா இருக்கும் பாரு," என்று அண்ணி தன் பதிவை என் கம்ப்யூட்டரில் ஓடவிட்டார்.

கானாங்கோழி கூவியது. கூவி முடிந்ததும், ரொம்ப மெல்லிசாக, ஒரு தும்மல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் மகளுடைய தும்மல். முன்பு ஒரு காலத்தில் நான் அந்தப் பறவையின் குரலைப் பதிவு செய்தபோது, கைக்குழந்தையாக இடுப்பில் இருந்தவள் தும்மியது. என் ஸ்பீக்கரில் நான் போடும் குரலின் கடைசியில் அது இருக்கிறது. பிள்ளையின் சத்தமாச்சே என்று வெட்டாமல் விட்டிருந்தேன்.

"அண்ணி, இது பறவை இல்ல. இது நான்."

"என்னடி உளர்றே?"

என் பதிவைப் போட்டேன். கூவலின் பின்னால் சைக்கிள் மணி கேட்டது. அண்ணியின் முகம் வெளிறிவிட்டது.

"ஐயையோ! இது உங்க அண்ணன் சைக்கிள். நான் போடுற குரல்லதான் இந்த மணி இருக்கு."

வெறி பிடித்தவர்கள் மாதிரி ஒன்றுவிடாமல் கேட்டோம். அவர் பதிவில் எல்லாம் தும்மல், என் பதிவில் எல்லாம் மணி. நான் கூப்பிட, அவர் பறவை என்று குறித்து, அதற்குப் பதில் வாங்க அவர் கூப்பிட, நான் பறவை என்று குதித்திருக்கிறேன். கதவைச் சாத்திவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தேன்.

"நீ எப்போ ஸ்பீக்கர் போடுறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா..." என்று அண்ணி ஆரம்பித்து நிறுத்தினார்.

"நீங்க கேட்டிருக்கலாமே!" என்று சீறினேன். சீறிய வேகத்திலேயே அழுகை வந்துவிட்டது.

அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நமக்கு மட்டும்தான் தெரியும். சத்தத்தை வெட்டிட்டா ஏரி பிழைச்சுக்கும்."

எனக்கும் அந்த ஆசை வந்தது. மறைப்பானேன்? முதலில் நிஜப் பறவை இருக்கிறதா பார்ப்போம் என்றேன். அன்று மாலையும் மறுநாள் விடியலும் ஸ்பீக்கர் இல்லாமல் கரையில் போய் உட்கார்ந்தோம். தவளை கத்தியது, லாரி போனது. கானாங்கோழி மட்டும் கூவவில்லை. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வெட்ட வேண்டாம்," என்றார் எழுந்திருக்கும்போது. "நாளைக்கு நிஜமாவே ஒண்ணு வந்து கூவினாலும், அப்புறம் நம்மள யாரு நம்புவா?"

விசாரணையில் உள்ளதை உள்ளபடி சொன்னோம். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ இத்தனை வருஷமா அந்த நாணலுக்குள்ள கூவிக்கிட்டு இருந்தது என்னதாம்மா?"

நான்தான் சொன்னேன்.

"நானும் எங்க அண்ணியும்தான் சார். நேர்ல பேசிக்க மாட்டோம்."