பூஜையில் வைத்த கைப்பிடி

வெங்கடசுப்ரமணியன் பொத்தானைக் காலால் மிதித்தார். புது மோட்டார் ஒரு தடவை முனகிவிட்டு அடங்கியது. மறுபடி மிதித்தார். முனகல்கூட இல்லை.

பின் ஸீட்டில் மனைவி நாகலக்ஷ்மியின் மடியில் குழந்தை காமு மூச்சை இழுத்து இழுத்து வாங்கினாள். நேற்று தொண்டை வலி என்று படுத்தவள், விடிந்ததும் திணற ஆரம்பித்துவிட்டாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் உண்டு. விஜயதசமி காலையில் கல்கத்தா பவானிபூரில் வாடகை வண்டிக்காரன் எவன் அகப்படுவான்? எல்லோரும் துர்கா பூஜையில் இருந்தார்கள்.

தப்பு முழுக்க அவருடையதுதான். நேற்று சரஸ்வதி பூஜையில், புத்தகங்களோடு பழைய மோட்டாரைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியையும் வைத்தாள் நாகலக்ஷ்மி. புதிதிலிருந்து வைக்க ஒன்றுமில்லை. பொத்தான் இருக்கும்போது கைப்பிடி எதற்கு என்று ஜம்பமாக மோட்டார் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அதற்குப் பதில் புது மோட்டாரின் மின்சார விளக்குகளை அம்பாளைப் பார்த்தபடி ராத்திரி முழுக்க எரியவிட்டார். பார்த்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். பாட்டரி காலியாகிவிட்டது; பழையதின் கைப்பிடி இதற்குப் பொருந்தாது.

கொட்டகை ஓரத்தில் பழைய மோட்டார் நின்றது. போன வருஷம் அதைச் சுற்றும்போது கைப்பிடி திருப்பி உதைத்து அவர் மணிக்கட்டை முறித்தது. அந்தக் கோபத்தில்தான் புதிதை வாங்கினார்.

"கைப்பிடி பூஜையிலன்னா இருக்கு. புனர்பூஜை ஆகலையே" என்றார்.

பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜைக்கு முன் யாராவது தொட்டால் அன்றைக்கு நாகலக்ஷ்மி சாப்பிடவே மாட்டாள். அவள் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது கையில் இரும்புக் கைப்பிடி இருந்தது. நேற்று வைத்த சந்தனமும் குங்குமமும் அதில் அப்படியே இருந்தன.

"அம்பாளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க சுத்துங்கோ."

காமுவை வாங்கிக்கொண்டு பழைய மோட்டாரில் ஏறி உட்கார்ந்தாள். அவர் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். ஒன்றுமில்லை. மறுபடி சுற்றினார். கைப்பிடி உதைத்தது, பழைய முறிவில் வலி தோள்வரை ஏறியது. வண்டிக்குள்ளிருந்து காமுவின் மூச்சு விட்டுவிட்டுக் கேட்டது. பயத்தில் அவருக்கு வலி மறந்தே போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு சுற்று.

மோட்டார் இருமியது, குலுங்கியது, பிறகு ஊரே கேட்கும்படி இரைந்தது. அவர் ஓடிப்போய் ஏறி உட்கார்ந்தார்.

வாசலை மறித்துப் பளபளவென்று நின்றது புதியது. அதை நகர்த்த அவர் இறங்கவில்லை. பழையதின் மூக்கை அதன்மேல் வைத்து, இடித்துத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தார்.