சுவர் ஏறும் அத்தியாயம்

ஒரு தாள் புரண்டால் என்ன ஓசை வரும், ஒரு கத்தை புரண்டால் என்ன ஓசை வரும் என்பது பதினேழுக்கு அத்துப்படி. பிரெய்ல் அச்சகத்தின் புரூஃப் அறையில் இருபது வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருப்பதே அதைத்தான். அவள் புரூஃப் தாளில் விரலை ஓட்டி வாய்விட்டுப் படிப்பாள். எதிரே ஒருவர் அச்சுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, வாக்கியம் ஒத்துப்போனால் "ஆமாம்" என்பார். ஒரு நாளைக்கு ஆயிரம் ஆமாமாவது சொல்வார். அதனாலேயே அவருக்கு ஆமாம் அண்ணன் என்று பெயர் வந்தது. மேலாளர் முன்னாலும் அவர் அதே வார்த்தையைத்தான் சொல்வார் என்பதால் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது.

பதினேழு என்பதும் பெயரல்ல, அச்சகம் கொடுத்த எண். ஒவ்வொரு பிரெய்ல் புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தில் கடைசி வரியாக "மூலத்தோடு முழுவதும் ஒத்துப் பார்த்தது: பதினேழு" என்று இருக்கும். அந்த ஒரு வரியை அச்சுக்கான உலோகத் தகட்டில் அடிப்பது மட்டும் புரூஃப் பார்த்தவரின் பொறுப்பு. தகடு அறைக்காரர்கூட அதில் கை வைக்க மாட்டார். பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலெல்லாம் அவளை யாருக்கும் தெரியாது, பதினேழை எல்லோருக்கும் தெரியும்.

அன்று கையில் இருந்தது பள்ளிக்கூடக் கதை. வாயாடி என்று பட்டப்பெயர் கொண்ட ஒருத்தியும் சேர்த்துப் பின்வரிசைப் பெண்கள் ஐந்து பேர் தலைமையாசிரியையின் உயிரை வாங்கும் கதை. அச்சில் நூற்று நாற்பது பக்கம், பிரெய்லில் தலையணை கனத்தில் நான்கு பாகம். பதினேழுக்கு இந்த மாதிரிக் கதை என்றால் கொள்ளை ஆசை. வழக்கமாக வருவது நீதிக்கதைகள்தான். பார்வையில்லாத பிள்ளைகள் என்றால் பொறுமையாக இருக்க வேண்டும், நன்றியோடு இருக்க வேண்டும், கதையில் வரும் முயல்கூட ஒழுக்கமாக இருக்க வேண்டும் என்று எவரோ எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். இருபது வருடமாக ஒழுக்கமான முயல்களைத் தடவித் தடவி அவளுக்குச் சலித்துப்போயிருந்தது.

ஆறாம் அத்தியாயம் முடிந்தது. அண்ணன் "ஆமாம்" என்றார். அப்போதுதான் அந்தக் கத்தை புரண்டது. ஒன்றிரண்டல்ல, ஆறு தாளாவது இருக்கும்.

அவள் அடுத்த வரியைப் படித்தாள். "வாயாடி முழங்காலில் கட்டுடன் வகுப்புக்கு வந்தாள். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்."

"ஆமாம்."

"எதுக்குக் கட்டு?"

"என்ன?"

"முந்தின பக்கத்துல நல்லாத்தானே இருந்தா. இப்ப எதுக்குக் கட்டு, எதுக்குக் கைதட்டல்? அண்ணே, எத்தனை தாளைத் தள்ளினீங்க?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். அவர் பொய் சொல்லப்போகிறார் என்பதற்கு அதெல்லாம் அடையாளம். ஆனால் பொய் வரவில்லை.

"தகடு அறைக்குப் போறதுக்கு முன்னாடியே மேலாளர் அந்த அத்தியாயத்தைக் கிளிப் போட்டுட்டாரும்மா. அடிக்க வேண்டாம்னுட்டாரு. எட்டாம் அத்தியாயத்தை ஏழுன்னு மாத்தச் சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னும் சொன்னாரு."

"நீங்களும் ஆமாம்னீங்க."

"ஆமாம்" என்றார் அவர், பாவம், வேறு வார்த்தை தெரியாமல்.

"கிளிப்பை எடுங்க. படிங்க."

கதவைச் சாத்திவிட்டு அவர் படித்தார். பந்தயத்தில் ஆடக்கூடாது என்று தண்டிக்கப்பட்டு விடுதியில் அடைபட்ட ஐந்து பெண்களும் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து மைதானத்துக்கு ஓடுகிறார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி நிற்கிறாள். கடைசியாக ஏறும் வாயாடிக்குத் தோள் கொடுக்க ஆளில்லை. குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி, அந்தப்பக்கம் சமையல்காரர் காயப்போட்டிருந்த போர்வையோடு விழுந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, போர்வையைப் போர்த்தியபடியே போய் ஆட்டத்தில் சேர்கிறாள். படிக்கும்போது அண்ணனுக்கே சிரிப்பு அடக்க முடியவில்லை. பதினேழு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும்தான் கோபம் வந்தது. இருக்கிற அத்தியாயங்களிலேயே சிறந்ததைப் பொறுக்கி எடுத்துத் தூரப் போட்டிருக்கிறார்கள்.

மேலாளரின் அறையில் அவள் உட்காரவில்லை.

"ஏழாம் அத்தியாயம் எங்க சார்?"

மேலாளர் கெட்டவரல்ல. கெட்டவராக இருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வரலாம். அவர் பிள்ளைகள்மேல் பிரியமானவர், அதுதான் தொல்லை. "நீங்களே யோசிச்சுப் பாருங்கம்மா. இதைப் படிச்சுட்டு நம்ம பிள்ளைங்க சுவர் ஏறினா யார் பதில் சொல்றது?"

"பார்வை இருக்கற பிள்ளைங்க படிச்சுட்டு ஏறினா யார் சார் பதில் சொல்றது?"

"அவங்களுக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியும்."

"வாயாடிக்குத் தெரியலையே. போர்வையோடதானே விழுந்தா." அவள் முகவாயைத் தூக்கிக் காட்டினாள். "இந்தத் தழும்பு தெரியுதா? ஒன்பது வயசுல எங்க விடுதிச் சுவர் ஏறினேன். சுவர் என்னை ஒண்ணும் பண்ணலை. கீழ யாரோ வெச்சிருந்த வாளிதான் பண்ணிச்சு. எந்தக் கதையும் படிச்சுட்டு ஏறலை. எங்களுக்குப் படிக்கத்தான் ஒண்ணும் இல்லையே, முயலைத் தவிர."

"எல்லாம் அவங்க நல்லதுக்குத்தான்."

"நல்லதா கெட்டதான்னு அவங்க படிச்சுட்டுச் சொல்லட்டும். பக்கத்து பெஞ்சுல ஒருத்தி அச்சுப் புத்தகத்துல அந்த அத்தியாயத்தைப் படிச்சுட்டுச் சிரிப்பா. நம்ம பிள்ளை தன் புத்தகத்தைத் தடவித் தடவித் தேடும். தனக்குத்தான் படிக்கத் தெரியலைன்னு நினைச்சுக்கும். அது நல்லதா?"

மேலாளர் பேனாவை மேசையில் தட்டினார். "வெள்ளிக்கிழமை புத்தகம் போகணும். கடைசி வரியை அடிச்சுக் குடுங்க. முடியலைன்னா சொல்லிடுங்க, உங்க இடத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அது வெறும் மிரட்டல் அல்ல என்பது அவளுக்குத் தெரியும். இன்னொரு அச்சகம் பக்கத்துத் தெருவிலா இருக்கிறது? இந்த வேலை போனால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஆனால் ஒத்துப் பார்க்காததை "முழுவதும் ஒத்துப் பார்த்தது" என்று அடித்தால், அதற்கு முன் இருபது வருடம் அடித்த வரிகளுக்கும் மரியாதை இருக்காது. கண்ணால் பார்க்க முடியாதவர்கள் அந்த வரியை நம்பித்தான் படிக்கிறார்கள்.

"நான் பார்த்ததை அடிக்கறேன் சார். பார்க்காததை அடிக்க மாட்டேன்."

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்றார் மேலாளர் நிம்மதியாக.

தகடு அறையில் ஆறு விசையும் ஒரு கால்மிதியும் கொண்ட பழைய இயந்திரம் இருந்தது. பதினேழு கடைசித் தகட்டைச் செருகினாள். விரல்கள் விசைகளில் அமர்ந்தன, கால் மிதித்தது. வழக்கமாக ஒரு வரி. அன்று நான்கு வரி அடித்தாள். தகட்டைத் தடவிப் பார்த்தாள். ஒரு புள்ளி தவறாக எழும்பியிருந்தது, அதைச் சுத்தியலால் தட்டி அமுக்கினாள். கோபத்திலும் பிழை கூடாது.

வெள்ளிக்கிழமை புத்தகங்கள் போயின. போகும்முன் மேலாளர் ஒரு பிரதியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, புள்ளிகள் மேல் கையை வைத்துப் பார்த்து, "அருமையா வந்திருக்கு" என்றார். அவருக்கு ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. அவள் "ஆமாம் சார்" என்றாள்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் மதிய இடைவேளையிலும் தகடு அறையில் தடதடவென்று சத்தம் கேட்டது. சாப்பாட்டு நேரத்திலும் வேலை நடக்கிறதே என்று மேலாளர் பூரித்துப்போனார்.

ஐந்தாம் வாரம் அவர் பதினேழையும் அண்ணனையும் கூப்பிட்டனுப்பினார். மேசை நிறையப் பெரிய பெரிய உறைகள். எல்லாவற்றிலும் "பதினேழு அக்காவுக்கு" என்று யாரோ பெரியவர்கள் முகவரி எழுதிக் கொடுத்திருந்தார்கள். உள்ளே முழுக்கப் புள்ளிகள். ஒரேயொரு கடிதம் மட்டும் பேனாவால் எழுதியது, ஒரு விடுதிக் காப்பாளருடையது. மேலாளர் அதை உரக்கப் படித்தார்.

"'கடைசிப் பக்க அறிவிப்பைப் படித்ததிலிருந்து பிள்ளைகள் என்னைத் தூங்கவிடவில்லை. ஏழாம் அத்தியாயத்தை உடனே அனுப்பவும்.' என்ன அறிவிப்பு? என்னம்மா அடிச்சு வெச்சீங்க?"

அவள் மனப்பாடமாகச் சொன்னாள். "'இந்தப் புத்தகம் மூலத்தோடு முழுவதும் ஒத்துப்போகவில்லை. சுவர் ஏறும் ஏழாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டார்கள். உங்கள் விரலில் குற்றமில்லை. வேண்டுமென்றால் எழுதிக் கேளுங்கள்: பதினேழு.'"

"உங்களுக்கு மெமோ குடுக்கப்போறேன்."

"குடுங்க சார். நான் படிக்கிற எழுத்துல குடுங்க. அடிக்க ஆள் இல்லைன்னா சொல்லுங்க, நானே அடிச்சுத் தரேன். பிழை இல்லாம இருக்கும்."

மேலாளர் அண்ணன் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் இவங்க தனியாப் பண்ணினதுதானே? உங்களுக்குச் சம்பந்தம் இல்லைதானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். பதினேழுகூட அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"இல்ல சார்" என்றார் அண்ணன். "நான்தான் கிளிப்பைக் கழட்டிப் படிச்சுக் காட்டினேன்."

அவர் வாயில் அந்த வார்த்தை வந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

மேலாளர் வெகுநேரம் உறைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். புள்ளி எழுத்தில் மட்டும் நாற்பத்தொரு கடிதம். எந்தப் பிள்ளைகளின் நல்லதுக்காக எல்லாம் செய்தாரோ, அந்தப் பிள்ளைகள் எழுதியதில் ஒன்றையும் அவரால் படிக்க முடியவில்லை. கடைசியில் கத்தையை அவள் பக்கம் தள்ளினார். "என்ன எழுதியிருக்காங்க? முக்கியமானதை மட்டும் படிங்க."

"நான் பக்கம் தாண்டறதில்லை சார்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் கடிதத்தை விரித்தாள். "'அக்கா, எங்கள் விடுதிச் சுவர் ஆறடி. நாங்கள் போன வருடமே ஏறிவிட்டோம். அவர்கள் எப்படி ஏறினார்கள் என்று தெரிந்தால் போதும்.'" அடுத்தது: "'விழுந்துவிடுவோம் என்று எடுத்தார்களா? அப்படியானால் படிக்கட்டு வரும் கதைகளையும் எடுக்கச் சொல்லுங்கள். நான் தினமும் அங்கேதான் விழுகிறேன்.'" அடுத்தது: "'என் தங்கைக்குக் கண் தெரியும். அவள் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டாள். சொல்கிறேன் என்கிறாள். நான் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறேன். எனக்கு நானே படிக்க வேண்டும். சீக்கிரம் அனுப்புங்கள், கை வலிக்கிறது.'"

இரண்டாவது கடிதத்தில் மேலாளர் சிரித்ததை அவள் கேட்டாள். அவள் நிறுத்தவில்லை. நாற்பத்தொன்றையும் படித்தாள், முற்றுப்புள்ளி உட்பட. முடிக்கும்போது தண்ணீர் நீட்டியது யார் என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. மேலாளர்தான்.

"அந்த அத்தியாயம் பிரெய்ல்ல எத்தனை பக்கம் வரும்?"

"முப்பத்திரண்டு."

அவர் பெருமூச்சு விட்டார். "சரி. அடிங்க."

"அடிச்சாச்சு சார்" என்றாள் பதினேழு. "அண்ணன் மத்தியானம் மத்தியானம் படிச்சாரு, நான் அடிச்சேன். பதினாறு தகடும் ரெடி. கடைசி வரி மட்டும் பாக்கி."

எழுந்து தகடு அறைக்குப் போனாள். அங்கே போனபின் அவள் கால் மிதித்தது ஒரே வரிக்குத்தான்.